சன்னல் பக்கம் திருப்பிய விளக்கு

தெருவிளக்கு எரிகிறதா இல்லையா என்று பகலில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது ராத்திரி வேலை. ஊர் படுத்த பிறகு ஏணி வண்டியில் ஏறித் தெருத்தெருவாக ஊர்ந்து, எந்தக் கம்பத்தில் விளக்கு செத்துவிட்டது, எது சாகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது என அண்ணாந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். பல்பு அண்ணன் இந்த வேலைக்கு வந்தபோது அவருக்கு மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. இப்போது அதில் பாதி வெள்ளை. வருஷக்கணக்காக அண்ணாந்து பழகிய கழுத்து, எதிரில் நிற்பவரிடம் பேசும்போதும் அவர் தலைக்கு மேலே எதையோ தேடுகிற மாதிரியே நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் திமிர் பிடித்த மனுஷன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாவம், அவருக்கும் திமிருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ ஒன்று இருந்தது. தெருவில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. பல்பு அண்ணன் என்றால் பால்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், நாய்க்குக்கூடத் தெரியும். கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் பெயர் ஒட்டியிருக்காது. அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார்.

அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. இத்தனை காலம் இதே வேலை செய்தும், ஒரு விளக்கைப் பொருத்திக் கம்பியை முறுக்கிவிட்டதும் பளிச்சென்று அது எரியும் பாருங்கள், அந்த நிமிஷத்தில் இன்றைக்கும் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கீழே வண்டி ஓட்டுகிற தம்பி, "அண்ணே, பூச்சி உள்ள போயிடப் போவுது" என்று கிண்டல் செய்வான். அவர் கண்டுகொள்ள மாட்டார். இருட்டு என்பது அவருக்குச் சொந்தப் பகை. எங்கே ஒரு மூலை இருண்டு கிடந்தாலும் தன் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்ததைப் போலத் துடிப்பார்.

அவர் மனைவி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். குழந்தைகளுக்கு அவள் பஸ் அக்கா. குழந்தைகளைப் பெற்றவர்களுக்கும் பஸ் அக்காதான், அதனால் நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். அவளிடம் ஒரு சிரிப்பு உண்டு. அது வயிற்றிலிருந்து கிளம்பி வரும். என்ன விஷயம் என்று தெரியாதவர்களும் கூடச் சிரித்துவிடுவார்கள். கடைசி இருக்கையில் கட்டிப்புரண்டு சண்டை போடுகிற வாண்டுகள்கூட அந்தச் சிரிப்பைக் கேட்டால் எதற்காக அடித்துக்கொண்டோம் என்பதை மறந்துவிடும்.

அவளிடம் இன்னொன்றும் உண்டு. குறட்டை. பஸ்ஸை வாய்க்குள் நிறுத்திவைத்திருக்கிறாளா என்று கேட்கிற அளவுக்குக் குறட்டை. பல்பு அண்ணனுக்கு ராத்திரி வேலை என்பதால் வாரத்தில் ஒரு நாள்தான் அதைக் கேட்கும் பாக்கியம். விடுமுறை நாளிலும் அவருக்கு ராத்திரியில் தூக்கம் வராது. கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். முன்னறையிலிருந்து குறட்டை வரும். "இந்தாம்மா, வண்டிய ஆஃப் பண்ணிட்டுப் படு" என்று குரல் கொடுப்பார். ஒரு நொடி நிற்கும், திரும்பக் கிளம்பும். காலையில் எழுந்து, நான் எங்கே குறட்டை விட்டேன் என்று அவள் சண்டைக்கு வருவாள். இது அந்த வீட்டில் ஆண்டுக்கணக்காக நடந்துவந்த வழக்கு.

கல்யாணமான புதிதில் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண லீவு முடிந்து அவர் மறுபடி ராத்திரி வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "எனக்கு இருட்டுன்னா ரொம்பப் பயம். சீக்கிரம் வந்துடுங்க." சீக்கிரம் வர முடிகிற வேலையா அது? விடிந்துதான் வருவார். ஆனால் அந்த வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் ஏறினாலும், ஊருக்கெல்லாம் விளக்கு போடுகிறேன், எனக்கென்று வந்தவள் இருட்டில் பயந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்று மனது அடித்துக்கொள்ளும். மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அது இன்னும் அதிகமாயிற்று. இப்போது வீட்டில் அவள் ராத்திரி முழுக்கத் தனியாள்.

அந்த நேரத்தில்தான் ஆபீஸுக்குப் புது வெள்ளை விளக்குகள் வந்து இறங்கின. பழைய மஞ்சள் விளக்கு பத்து சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது என்று மேஸ்திரி சொன்னார். பல்பு அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுசில் யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன், மேஸ்திரியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, முதல் விளக்கைத் தன் தெருவுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் குடியிருந்தது இரண்டாவது மாடி. கம்பத்தின் தலை சரியாக முன்னறைச் சன்னலுக்கு நேரே இருந்தது. விளக்கை மாட்டியவர், மாட்டியதோடு நிற்கவில்லை. அதன் கழுத்தைக் கொஞ்சம் நெம்பி, சன்னல் பக்கமாக நிமிர்த்தித் திருப்பிவிட்டார். எரியவிட்டார். முன்னறை, கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. கம்பத்தின் உச்சியில் நின்றபடி அந்தச் சன்னலைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை, உள்ளே நின்ற பஸ் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் அதிகமா இல்லீங்க?" என்று மட்டும் அவர் இறங்கி வந்ததும் கேட்டாள்.

வெளிச்சத்தில் அதிகம் என்று ஒன்று உண்டா என்று அவர் சிரித்தார். அவளும் விட்டுவிட்டாள். அத்தோடு முன்னறையில் தொங்கிய கனத்த கறுப்புத் திரையைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பின்னறையில் மாட்டிக்கொண்டார். பகலில் அவர் தூங்குவது அங்கேதான். ஏற்கனவே அங்கே ஒரு கறுப்புத் திரை இருந்தது, இருந்தாலும் ஓரத்தில் கோடு போல வெயில் வந்து அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது திரையும் சேர்ந்ததும் பின்னறை பானைக்குள் தலையை விட்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்தது திடீரென்று வரவில்லை. திடீரென்று வந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். முதலில் குறட்டை நின்றது. "என்ன, உன் வண்டி ரிப்பேரா?" என்று பல்பு அண்ணன் கிண்டல்கூடச் செய்தார். அவள் சண்டைக்கு வரவில்லை. அப்புறம் சிரிப்பு குறைந்தது. அப்புறம் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று விழுந்தாள். ஒரு நாள் பஸ்ஸில் ஒரு பொடியன் பென்சிலைத் தொலைத்துவிட்டு அழ, இவளும் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதிருக்கிறாள். மகள் போனில் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா குரலே சரியில்லை, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். மகள் பிரிந்துபோன ஏக்கம் என்று அவர் நினைத்தார். வயசு என்று நினைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளர் நச்சரிக்கிறார் என்று நினைத்து, அந்த முகம் தெரியாத மனுஷனை மனதார வைதார். எல்லாவற்றையும் நினைத்தார், ஒன்றைத் தவிர. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது முன்னறையை ஒரு பார்வை பார்த்து, வெளிச்சம் நன்றாக விழுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, திருப்தியோடு படியிறங்கினார்.

ஒரு நாள் காலையில், பஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவரிடம், பஸ் சாவியைக் கொடுத்துவிட்டேன் என்றாள். நாற்சந்தியைத் தாண்டிவிட்டாளாம், ஆனால் தாண்டும்போது எரிந்தது சிவப்பா பச்சையா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லையாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, வேறு ஓட்டுநரை வரவழைத்துக் குழந்தைகளை அனுப்பிவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"புள்ளைங்க எல்லாம், போலாம் அக்கா, போலாம் அக்கான்னு கத்துதுங்க" என்றாள். "எனக்குப் போகணும்னே தோணல. எங்கயுமே போகணும்னு தோணல. நாளைக்கு விடியணும்னுகூடத் தோணல."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். எவ்வளவோ உயரத்தில், மழையில், மின்சாரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். அன்றைக்கு வந்த பயத்தை அவர் அதுவரை கண்டதில்லை. இவளை இழந்துவிடுவேனோ என்று முதல் தடவையாக நினைத்தார். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா நிதானமான ஆள். கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது, சாப்பாடு ருசிக்கிறதா, செத்துவிடலாம் போல இருக்கிறதா என்று எல்லாவற்றையும் நேருக்கு நேர் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவள், அப்படி இல்லை, ஆனால் இருக்கவும் பிடிக்கவில்லை என்றாள். தூக்கம் எப்படி என்றதற்கு, படுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். படுக்கிற அறையில் டிவி, போன் ஏதாவது உண்டா, ராத்திரியில் வெளிச்சம் இருக்குமா என்று அடுத்த கேள்வி.

இதற்குப் பதில் சொல்லும் உரிமை தனக்குத்தான் என்று பல்பு அண்ணன் முந்திக்கொண்டார். "வெளிச்சத்துக்குக் குறையே இல்ல டாக்டர். ராத்திரி பூரா பகல் மாதிரி இருக்கும். நானே போட்டுக் குடுத்தது."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நீங்க அந்த ரூம்லயா தூங்குறீங்க?"

"நான் பகல்ல தூங்குறவன். பின்னாடி ரூம்ல, ரெண்டு கறுப்புத் திரை போட்டு, நல்லா இருட்டு..." என்று ஆரம்பித்தவர், அந்த 'இருட்டு' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. தனக்குத் தூக்கம் வர வேண்டும் என்று அவளிடமிருந்த இருட்டையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மா அவரைக் குற்றம் சொல்லவில்லை. இது ஒன்றினால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மனசு பல காரணத்தால் சோர்ந்துபோகும், மருந்தும் தருகிறேன், வாராவாரம் வந்து பேசிவிட்டும் போக வேண்டும் என்றார். ஆனால் உடம்புக்கென்று ஒரு கடிகாரம் உண்டு, ராத்திரி வந்துவிட்டது என்று அதற்குச் சொல்வது இருட்டுதான், இருட்டே வராவிட்டால் அது பகலா ராத்திரியா என்று புரியாமல் திணறும், தூக்கம் கெடும், தூக்கத்தோடு சேர்ந்து மனசும் கெடும் என்று விளக்கினார். கடைசியில் அவரைப் பார்த்து, "ஒரு ராத்திரி நீங்க அந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்களேன்" என்றார்.

படுத்தார். அவளைப் பின்னறையில் படுக்க வைத்துவிட்டு, அன்றிரவே லீவு போட்டு முன்னறைக் கட்டிலில் படுத்தார். கூரை, சலவைக்குப் போய் வந்த வேட்டி போல இருந்தது. சன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் வரிவரியாக விழுந்திருந்தது. கண்ணை மூடினார். மூடியும் வெளிச்சம் போகவில்லை. இமைக்குள்ளே சிவப்பாக வந்து நின்றது. சுவர்ப்பக்கம் திரும்பினார், சுவர் பளபளத்தது. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தார், மூச்சு முட்டியது. இதிலா இவ்வளவு நாள் படுத்திருந்தாள் என்று மனது ஆறவில்லை.

எழுந்து சன்னலில் போய் நின்றார். வெளியே இலை உதிரும் பருவம். தெருவில் மற்ற மரங்களெல்லாம் எலும்பாக நின்றன. சன்னலுக்கு எதிரே இருந்த மரத்தில் மட்டும், விளக்கை ஒட்டிய கிளைகளில் இலைகள் பச்சையாக அப்படியே இருந்தன. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் பச்சை. இது அவருக்குப் புதிது அல்ல. ஏணி உச்சியிலிருந்து எத்தனையோ மரங்களில் பார்த்திருக்கிறார். "பாத்தியா, நம்ம விளக்குக்கு மரம்கூட மயங்குது" என்று வண்டி ஓட்டுகிற தம்பியிடம் பெருமையடித்தும் இருக்கிறார். அந்தக் கிளையில் ஒரு சின்னப் பறவை உட்கார்ந்து, விடிந்துவிட்டது என்று நடுநிசியில் கூவிக்கொண்டிருந்தது. பதிலுக்கு எந்தப் பறவையும் கூவவில்லை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கூவியது.

பல்பு அண்ணன் சன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தார். அம்மாடி, மரத்துக்கும் தெரிகிறதா? அதற்குக் கண் ஏது? இந்தக் கையளவுப் பறவைக்குள்ளும், அசையாமல் நிற்கிற மரத்துக்குள்ளும், அவளுக்குள்ளும் ஒரே கடிகாரமா ஓடுகிறது? யார் சாவி கொடுத்தது? இவ்வளவு பெரிய ஏற்பாடு ஒன்று ராத்திரிதோறும் ஊர் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது, அதன் நடுவே ஏணியைப் போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விளக்கு எரியும்போது திறக்கிற அந்த வாய், அன்றைக்கு ஒரு பச்சை இலைக் கொத்தைப் பார்த்துத் திறந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலமே தம்பியை வண்டியோடு வரச் சொன்னார். கம்பத்தில் ஏறி, தன் கையால் நிமிர்த்திய கழுத்தைத் தன் கையாலேயே தாழ்த்தினார். சன்னல் பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்து முடுக்கினார். உள்ளே இருந்த வெள்ளை விளக்கைக் கழற்றி, பழைய மஞ்சளையே போட்டார். கீழ்த்தளத்துச் சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து, இருக்கிற வெளிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறீர்களே என்று சத்தம் போட்டார். எரியவிட்டதும் அவர் கடைப்படி முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. சன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது இப்போது தரையில் விழுந்தது, அவ்வளவுதான். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கடைக்காரர் கேட்டார். பல்பு அண்ணன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரியும் அவர் வேலைக்குப் போகவில்லை, முன்னறையில் இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பயந்தது பல்பு அண்ணன்தான். கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆயுசு பூராவும் இருட்டை விரட்டியவர், ஒரு தடவையாவது நின்று அதன் முகத்தைப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் போயிற்று. சன்னல் சட்டம் மெல்லப் புலப்பட்டது. அலமாரியின் ஓரம் வந்தது. மடியில் இருந்த அவள் கை வந்தது, பிறகு அவள் முகமே வந்தது. யாரும் விளக்கு போடவில்லை, ஆனாலும் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எதிர் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே நட்சத்திரங்கள் இருந்தன. தினமும் வானத்தைப் பார்த்தே வேலை செய்தவர் அவற்றைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. இதெல்லாம் எப்போதும் இங்கேதான் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பயமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு எப்பவுமே இருட்டுன்னா பயம் கிடையாதுங்க."

"அன்னிக்கு வாசல்ல சொன்னியே."

"நீங்க சீக்கிரம் வரணும்னு சொன்னேன். புதுசாக் கல்யாணம் ஆனவ வேற என்னத்தச் சொல்லி வரச்சொல்லுவா?"

ஒரு பொய்யைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கை முழுக்கக் கம்பம் ஏறியிருக்கிறார். விளக்கு போட்ட அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்றார்.

"கம்பத்து மேல நின்னு சன்னலப் பாத்துச் சிரிச்சீங்க" என்றாள் அவள். "அதப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

விளக்கைத் திருப்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை விடுவது. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. அடுத்த ராத்திரியும் அரைகுறைதான். மருந்து சாப்பிட்டாள், டாக்டரம்மாவிடம் போய்ப் பேசினாள், சில நாள் நன்றாக இருந்தாள், சில நாள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்காக இடத்தை வைத்திருந்தார்கள். சாவியைக் கேட்டு அவள் போகவில்லை. எதிர் மரத்தில் மீதமிருந்த இலைகள் மஞ்சளாகி, ஒன்றொன்றாக விழத் தொடங்கின. பல்பு அண்ணன் தினமும் காலையில் வீடு திரும்பியதும் முதலில் அந்தக் கிளையைப் பார்ப்பார், பிறகு அவள் முகத்தைப் பார்ப்பார். பறவை இப்போது விடிந்த பிறகுதான் கூவியது. அதற்குப் பதில் கூவ நாலு பறவைகள் இருந்தன.

பிறகு ஒரு ராத்திரி, வேலை நடுவில் வண்டி அவர் தெருவில் நுழைந்தது. வீட்டுக்கு முன்னால் வந்ததும் பல்பு அண்ணன் தம்பியின் தோளைத் தொட்டு, இன்ஜினை நிறுத்தச் சொன்னார். இறங்கி நடுத்தெருவில் நின்று வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். எந்த விளக்கு போயிற்று என்று தம்பி கேட்டான். எதுவும் போகவில்லை, சும்மா இரு என்று கையைக் காட்டினார். இரண்டாவது மாடி, இருட்டுச் சன்னல். அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. நின்று, இழுத்து, கியர் மாற்றி, மேட்டில் ஏறுகிற பஸ் மாதிரி, குறட்டை. எத்தனை தடவை குரல் கொடுத்து நிறுத்தப் பார்த்த சத்தம். தெய்வ சன்னிதியில் நிற்கிறவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

தம்பி திரும்பச் சாவியைத் திருகப் போனான். அவர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "ஸ்டார்ட் பண்ணாத. எந்திரிச்சுடுவா." அந்தத் தெரு கொஞ்சம் சரிவு. பிரேக்கைத் தளர்த்திவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அத்தனை பெரிய ஏணி வண்டியைச் சத்தமில்லாமல் தெருமுனை வரை இருவரும் உருட்டிக்கொண்டு போனார்கள்.

காலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ராத்திரி உங்கள் வண்டிச் சத்தமே கேட்கவில்லையே, நம் தெருப்பக்கம் வரவில்லையா என்று கேட்டாள்.

"வந்தோம்" என்றார். "உன் வண்டிதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

நான் எங்கே குறட்டை விட்டேன் என்று அவள் சண்டைக்கு வந்தாள். வந்தவளுக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றிலிருந்து. கீழே சைக்கிள் கடைக்காரர் காரணம் தெரியாமல் தானும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவள் படியிறங்கிச் சாவி வாங்கப் போனாள்.